அளவு ஜாக்கெட்

என் தங்கை இறந்த முதல் வருடத்தில் அவளை நான் மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் முதுகுப் பக்கம்தான்.

முதல் தடவை தேனி பழைய பேருந்து நிலையத்தில், போடி வண்டி நிற்கிற இடத்தில். கடுகு மஞ்சளில் பச்சைக் கரை போட்ட பருத்திச் சேலை. முந்தானையை மடிப்பெடுக்காமல் ஒற்றையாகத் தோளில் விட்டிருந்தாள். நான் டிபன் பையை அங்கேயே போட்டுவிட்டு, இரண்டு பேரை இடித்துக்கொண்டு கூப்பிட்டபடியே ஓடினேன். திரும்பினால் வேறு முகம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள், "என்னாத்தா, ஆள் தெரியாமக் கூப்பிட்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு டிபன் பையை எடுக்கத் திரும்பி வந்தேன்.

இரண்டாவது தடவை கம்பத்தில், காய்கறிச் சந்தை வாசலில். மூன்றாவது தடவைதான் மோசம். பெரியகுளத்தில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். வேப்பமரத்தடியில் மனுவை வைத்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். வெங்காய நிறச் சேலை, அதன் ஓரத்தில் நானே ஒரு பொங்கலன்று பாயசம் கொட்டிய கறை. அந்தப் பெண் என் மேஜைக்கு வந்தபோது நான் தலையை நிமிர்த்தவே இல்லை. மனுவை வாங்கி, முத்திரை போட்டு, அடுத்த மேஜைக்குத் தள்ளிவிட்டேன். கடுகடுவென்ற ஆள் என்று எனக்கு ஏற்கெனவே பெயர் உண்டு, அதனால் யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை.

பேய் பிசாசு என்று யாரும் பயப்பட வேண்டாம். அந்தச் சேலைகளை எல்லாம் ஊருக்குத் தூக்கிக் கொடுத்தவளே நான்தான்.

எனக்குக் கோப்பு எதுவும் மேஜையில் தேங்கி நிற்கக் கூடாது. வீட்டிலும் அதே புத்திதான். எங்கள் பக்கத்தில் இறந்தவர்களின் துணிமணிகளை வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. நல்லதை இல்லாதவர்களுக்குக் கொடுப்போம், மிச்சத்தை வீரபாண்டி ஆற்றில் விட்டுவிடுவோம். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உறவுக்காரர்கள் எல்லாரும் பீரோவைப் பார்ப்பதும் மூக்கை உறிஞ்சுவதுமாக இருந்தார்கள். யாரும் கை வைக்கவில்லை. நான் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு இலை போடுவதற்குள் பீரோவைக் காலி செய்து, துடைத்து, அந்துருண்டையும் போட்டுவிட்டேன். அன்றைக்கு அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. இப்போது அதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

தங்கைக்கு ஒரே மகள். மதுரையில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். அன்றைக்குப் பார்த்து அவளுக்குப் பரீட்சை. எழுதிவிட்டுச் சாயங்காலம் போடிக்கு வந்தாள். நேரே போய் பீரோவைத் திறந்தாள்.

"ஒண்ணுகூட வைக்கலியா பெரியம்மா?"

"வைக்கக் கூடாது கண்ணு. வழக்கம் அப்பிடி."

அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. பீரோ கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். அதற்குப் பிறகு நான் போன் செய்தால் "ம்" என்பாள், "சரி" என்பாள், "வச்சிரட்டா" என்பாள். ஒரு வருடத்துக்கு என்னோடு அவள் பேசியது இந்த மூன்று வார்த்தைதான். சின்ன வயதில் என் இடுப்பை விட்டு இறங்காமல் கிடந்த பிள்ளை அது.

தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் பிறந்தோம் என்று யாரும் நம்ப மாட்டார்கள். எனக்கு ஜாக்கெட் என்றால் உடம்பை மறைக்க வேண்டும், வெயிலில் சாயம் போகக் கூடாது, அவ்வளவுதான். அவளுக்கு அது ஒரு படிப்பு. போடியில் ஏலக்காய் வியாபாரியைக் கட்டிக்கொண்டு போனவள், தேனியிலிருந்து கம்பம் வரைக்கும் எந்தச் சந்தில் எந்த பொட்டிக் தையல் கடை திறந்தது, எவள் கொக்கியை உள்ளே மறைத்துத் தைக்கிறாள், எவள் கழுத்து வெட்டில் சொதப்புகிறாள் என்று விரல் நுனியில் வைத்திருந்தாள். சனிக்கிழமையானால் என்னை ஸ்கூட்டியில் பின்னால் உட்கார வைத்துக் கிளம்பிவிடுவாள்.

நான் ஒரு கடைக்குள்ளும் போனதில்லை. வாசலில் கரும்புச்சாறு குடித்துக்கொண்டு வாயால் வம்பளப்பதோடு சரி. "ஏண்டி, தேனிக்கு எதுக்குடி ஃபேஷன்? பூண்டு மண்டிக்கும் கொத்தமல்லிச் சந்தைக்கும் போறதுக்கு முதுகுல எதுக்கு சன்னல் வச்சுத் தைக்கிற?" என்பேன். "காத்து வரட்டும்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். ஒரு மணி நேரம் கழித்து முகமெல்லாம் பல்லாக வருவாள்.

ஆனால் அவளுக்கு நிஜமாகத் தைத்தது யார் என்பது மட்டும் எனக்கே தெரியாது. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இந்த ஒரு விஷயத்தில் கல் நெஞ்சு. நகையை இரவல் கொடுப்பார்கள், குழம்புக்குப் பக்குவம் சொல்லித் தருவார்கள், டெய்லர் யார் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் கூட்டம் கூடிவிடும், நம் ஜாக்கெட் தள்ளிப்போகும் என்ற பயம். கல்யாண வீட்டில் யாராவது அவள் தோளைத் தொட்டு, "எங்கன தச்ச?" என்று கேட்டால், "மதுரைல" என்று கூசாமல் சொல்வாள். என்னிடமும் அதே மதுரைதான்.

கடைசியாக அவளோடு போன கல்யாணம் ஒரு கார்த்திகை மாதத்தில். அன்றைக்கு அவள் மாதிரி யாரும் இல்லை. உடம்பு இளைத்து, தோள் எலும்பு எடுப்பாகத் தெரிய, ஜாக்கெட் உடம்போடு ஒட்டினாற்போல் உட்கார்ந்திருந்தது. "சினிமாக்காரி மாதிரி இருக்கடி. என்னதான் திங்கிற? எனக்கும் சொல்லு" என்றேன். "டெய்லர் பேரையே சொல்ல மாட்டேன், இதச் சொல்லிருவேனா?" என்று சிரித்தாள். அடுத்த தை மாதம் வயிற்றில் கட்டி என்றார்கள். மதுரைக்கும் போடிக்கும் அலைந்து, சித்திரையில் போய்விட்டாள். டெய்லர் பெயரைச் சொல்லாமலே போனாள்.

வருடத் திதியன்று கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, தங்கை மகள் அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"பெரியம்மா, அம்மாவோட அளவு ஜாக்கெட் டெய்லர்ட்டதான இருக்கும்?"

எனக்குக் கையில் இருந்த தட்டு நழுவியது. எப்படி எனக்குத் தோன்றாமல் போனது? இருப்பதிலேயே உடம்புக்குப் பாந்தமாகப் பொருந்துகிற ஜாக்கெட் எந்தப் பெண்ணின் வீட்டிலும் இருக்காது. அது டெய்லரிடம் கிடக்கும். அதை வைத்துத்தான் அடுத்ததை வெட்டுவார்கள். அதற்குத்தான் அளவு ஜாக்கெட் என்று பெயர். நான் ஆற்றில் விட்டதிலும் ஊருக்குக் கொடுத்ததிலும் அது இருந்திருக்க முடியாது.

"வேற ஒண்ணும் வேணாம். அது மட்டும் கெடைச்சாப் போதும். அம்மா ஒடம்பு எம்புட்டு இருந்துச்சுன்னே எனக்கு மறந்துகிட்டு வருது" என்றாள். ஒரு வருடத்தில் அவள் என்னிடம் இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

"நான் கண்டுபிடிச்சுத் தாரேன்" என்றேன். எந்தக் கடை என்று தெரியாது. தங்கையின் போனை அவள் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் அழித்து யாருக்கோ கொடுத்துவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நான் பீரோவைக் காலி செய்த மாதிரி அவர் போனைக் காலி செய்திருக்கிறார்.

அப்படித்தான் நாற்பத்தாறு வயதில் நான் பொட்டிக் பொட்டிக்காக ஏறி இறங்க ஆரம்பித்தேன். சனிக்கிழமைகளில் அவள் ஸ்கூட்டியை நானே ஓட்டிக்கொண்டு போனேன். இருபது வருடமாக நான் நடந்த தெருக்களுக்கு மேலே இன்னொரு ஊர் இருந்தது எனக்குத் தெரியாது. மருந்துக் கடைக்கு மேல் மாடியில், செல்போன் கடைக்குப் பின்னால், கார் ஷெட்டைத் தடுத்து, வீட்டு முன்னறையில் என்று எங்கே பார்த்தாலும் பொட்டிக். வடுகபட்டியில் கீழே பூண்டு மண்டி, மேலே ஆரி ஒர்க். ஜமுக்காளத்தில் வட்டமாக உட்கார்ந்து ஐந்து பெண்கள் மணி கோத்துக்கொண்டிருந்தார்கள். கல்யாண ஜாக்கெட்டிலும் பூண்டு வாசம் அடித்தது. கம்பத்தில் ஒரு கடையில் குமுளிப் பக்கமிருந்து வந்த ஒரு பெண், "சேச்சி, கை கொறச்சு நீளம் மதி" என்று, கை கொஞ்ச நீளம் போதும் என மலையாளத்தில் சொல்ல, கடைக்காரப் பெண் தமிழில் சண்டை போட்டு முழங்கை வரைக்கும் வைத்துவிட்டாள்.

எல்லாக் கடையிலும் தலையில்லாத பொம்மைகள். கழுத்துக்கு மேலே ஒரு மர உருண்டை, அவ்வளவுதான். நான் உள்ளே நுழைந்ததும் முதலில் அவற்றின் முதுகைத்தான் பார்ப்பேன்.

செத்துப்போனவள் ஜாக்கெட் இருக்கிறதா என்று வாயைத் திறந்து கேட்க முடியவில்லை. முதல் கடையில் நாக்கு புரண்டு, "என் தங்கச்சி ஊர்ல இல்ல, அவ அளவு ஜாக்கெட்ட வாங்கிட்டு வரச் சொன்னா" என்று சொல்லிவிட்டேன். அப்புறம் எல்லாக் கடையிலும் அதே பொய். பொய் தானாக வளர்ந்தது. ஒரு கடையில் அவள் பெங்களூரில் இருந்தாள், இன்னொரு கடையில் துபாயில். "அவுகளா? செவப்பா, உசரமா, சிரிச்சா ஈறு தெரியுமே, அவுகதான? இங்கன வந்திருக்காகளே! தைக்கக் குடுத்ததில்ல, பாத்துட்டு மட்டும் போவாக. நல்லா இருக்காகளா?" என்று கேட்பார்கள். "நல்லா இருக்கா" என்பேன். "வந்தா வரச் சொல்லுங்க, புதுசா டிசைன் போட்டுருக்கோம்" என்பார்கள். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு இறங்குவேன். வெளியே வந்தால் வெயில் கண்ணைக் கூசும். உள்ளே இருந்தவரைக்கும் அவள் துபாயில் இருந்தாள் என்று நானே பாதி நம்பியிருப்பேன். அதுதான் பயமாக இருந்தது.

கடைக்கு ஒரு மூட்டையாவது இருக்கும், பழைய அளவு ஜாக்கெட்டுகள். தரையில் கொட்டிவிட்டு, "ஒங்க தங்கச்சிது எதுன்னு பாருங்க" என்பார்கள். யார் யாருடைய உடம்போ கசங்கிக் கிடக்கும். அக்குளில் வெளுத்தது, தாய்ப்பால் கறை காயாதது மாதிரி இருந்தது, கொக்கி அறுந்து ஊக்கு குத்தியது. போடியில் ஒரு கடைக்காரப் பெண் சொன்னாள்: "வாங்க வராதவுக ஜாக்கெட்டே இம்புட்டு கெடக்குக்கா. தூக்கிப் போடவும் மனசு வரல. என்னாச்சோ ஏதாச்சோ." நான் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தோளைப் பிடித்து விரித்துப் பார்ப்பேன். தங்கையின் தோள் அகலம் என் கைக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். நாலைந்து கடைக்குப் பிறகு எதை எடுத்தாலும் அவளுடையது மாதிரியே இருந்தது.

சும்மா வந்து மூட்டையைக் கிளறிவிட்டுப் போக முடியாதே. கடைக்கு ஒரு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தேன். கழுத்துக்கு போட் நெக் என்றார்கள், சரி என்றேன். கையில் பஃப் வைக்கட்டுமா என்றார்கள், வையுங்கள் என்றேன். அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர், "என்ன மேடம், மகனுக்குப் பொண்ணு பாக்குறீகளா, ஒங்களுக்கே மாப்பிள்ள பாக்குறீகளா?" என்று கேட்டார். எனக்கு மகனும் இல்லை, கட்டிய மாப்பிள்ளை வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். "மொதல்ல ஒங்க சட்டைல பட்டன தைங்க" என்றேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்குப் பிடித்திருந்தது. நன்றாகத் தைத்த ஜாக்கெட் தோளை நிமிர்த்திவிடுகிறது, நடை மாறுகிறது. முந்தானையை ஒற்றையாக விட்டால் காற்றில் லேசாகத் தூக்குகிறது. இதற்காகத்தான் அவள் உள்ளே போய் ஒரு மணி நேரம் நின்றாளா என்று நினைத்தபோது, வாசலில் கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்த என்னை நானே அறைய வேண்டும் போலிருந்தது.

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. கடைகளில் ஈ ஓட்டுவார்கள். தை பிறந்தால் வரிசையாகக் கல்யாணம் என்பதால், பள்ளத்தாக்கில் உள்ள பொட்டிக் கடைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து மார்கழி ஞாயிறு ஒன்றில் தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து மணப்பெண் அலங்காரக் காட்சி நடத்துகிறார்கள். அத்தனை பேரும் ஒரே இடத்தில் இருப்பார்கள் என்று நானும் போனேன். மகளும் விடுமுறையில் இருந்தாள், கூட வந்தாள். பேச்சு இன்னும் அளந்துதான், ஆனாலும் வந்தாள்.

மண்டபத்தில் தாலி கட்டுகிற மேடையிலிருந்து நடுவழியில் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் மணப்பெண் வேஷத்தில் நடந்தார்கள். மேடையில் வந்து முகத்தைக் காட்டுவார்கள், அப்புறம் திரும்பி முதுகைக் காட்டி ஒரு நிமிடம் நிற்பார்கள். வேலைப்பாடெல்லாம் முதுகில்தானே இருக்கிறது. மயில், தாமரை, திராட்சைக் கொடி, ஒருத்தி முதுகில் கோபுரமே இருந்தது. மைக்கில் ஒருவர் கடைப் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெண்ணும் திரும்பும்போது நான் அவள் தோளைத்தான் பார்த்தேன். எவளாவது ஒருத்தி மறுபடியும் முகத்தைத் திருப்பாமல் அப்படியே நின்றுவிட மாட்டாளா என்றிருந்தது.

மகளுக்குத் தண்ணீர் பாட்டில் வாங்க நான் எழுந்து கடைகள் போட்டிருந்த பக்கம் போனேன். அன்றைக்கு நான் அரக்கு நிறத்தில் போட் நெக் ஜாக்கெட் போட்டு, முந்தானையை ஒற்றையாக விட்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் தோளை அழுத்திப் பிடித்தது.

"ஆத்தாடி! அக்கா! எம்புட்டு நாளாச்சு? ஒரேயடியா மறந்துட்டீகளே!"

திரும்பினேன். முப்பது வயதிருக்கும் அந்தப் பெண்ணுக்கு, கழுத்தில் இஞ்சு டேப் தொங்கியது. என் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. பேருந்து நிலையத்தில் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

"மன்னிச்சுக்கங்கக்கா. வேற ஒரு அக்கான்னு நெனச்சுட்டேன். பின்னால இருந்து பாத்தா, அந்த நிக்கிற தோரணையும் முந்தான விட்டதும் அச்சு அசலா..."

"போடி அக்காவா? ஏலக்காய்க் கடை அக்காவா?"

"ஆமாக்கா! ஒங்களுக்குத் தெரியுமா? எங்க இருக்காக? நல்லா இருக்காகளா?"

துபாய் என்று சொல்ல வாய் வந்தது. என்னைத் தேடிக்கொண்டு மகள் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். அவளுக்கு நான் கடை கடையாகச் சொன்ன பொய் எதுவும் தெரியாது.

"இறந்துட்டா" என்றேன். ஒன்றரை வருடத்தில் அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. காரியப் பத்திரிகையில் அச்சடித்தேன், அலுவலகத்தில் விடுப்பு விண்ணப்பத்தில் எழுதினேன். சொன்னதில்லை. மைக் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. "என்னக்கா?" என்றாள். இன்னொரு தடவை சத்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று.

அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் இஞ்சு டேப்பைச் சுருட்டினாள், பிரித்தாள். பிறகு மகளின் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "அவுக ஜாக்கெட் ஏங்கிட்டதான் இருக்கு பாப்பா" என்றாள்.

அவள் கடைக்குப் பெயர்ப் பலகையே கிடையாது. சின்னமனூரில் வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகையைப் பூசி, மூன்று மெஷின் போட்டிருந்தாள். ஒருவர் சொல்லி ஒருவர் வருவதுதான். யாரும் யாரிடமும் சொல்லாத ஊரில் அவள் எப்படிப் பிழைத்தாள் என்பதே அதிசயம். மறுநாள் காலையில் நானும் மகளும் போனபோது தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, அதன் மேல் ஒரு துணிப்பையை வைத்திருந்தாள். மூட்டையில் போடாமல் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள்.

பிரித்துப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மணி இல்லை, ஜரிகை இல்லை, சன்னல் இல்லை. சாதாரண நீலப் பருத்தி ஜாக்கெட். அதற்கும் மேல், அது ரொம்பச் சின்னதாக இருந்தது. மகள் கையில் அது ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையின் ஜாக்கெட் மாதிரி இருந்தது.

"இது அம்மாவோடதில்ல. அம்மா இம்புட்டு ஒல்லி இல்ல" என்றாள் மகள்.

கடைக்காரப் பெண் அதை வாங்கி, உள்பக்கத்தை வெளியே திருப்பிக் காட்டினாள். இரண்டு பக்க விலாவிலும் மூன்று தையல் கோடுகள் அதிகமாக ஓடின. ஒன்றுக்கு உள்ளே ஒன்று. ஓரத்தில் இருந்த முதல் தையல் நீல நூல். அடுத்த மூன்றும் கறுப்பு. பிதுங்கி நின்ற துணியை வெட்டாமல் அப்படியே மடித்து உள்ளே விட்டிருந்தாள்.

"மொதல் தடவ ஆடில வந்தாக. தளரா இருக்கு, கொஞ்சம் பிடிச்சுக் குடுன்னாக. அப்புறம் பொரட்டாசில வந்தாக. கார்த்திகைல ஒரு கல்யாணத்துக்கு முன்னால மறுபடி வந்தாக. அப்ப நாந்தான் கேட்டேன். உள்ள துணி நெறய நிக்குது, வெட்டிரட்டுமாக்கான்னு. 'வெட்டிறாதம்மா, எனக்குத் திரும்ப ஒடம்பு வரும்'னாக." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. டயட் இருக்காகன்னு நெனச்சேன். எப்பிடிக்கா எளச்சீகன்னு இங்க இருக்க பிள்ளைகளெல்லாம் சுத்தி நின்னு கேட்டுச்சுக."

ஆடியிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தையில்தான் எங்களுக்குச் சொன்னாள். ஆறு மாதம் அவள் உடம்பு போவதைத் தையல் தையலாகப் பார்த்தது முகம் தெரியாத இந்தப் பெண்தான். கூடவே ஸ்கூட்டியில் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நான் பார்க்கவில்லை. பார்த்தேன், பார்த்துவிட்டு அழகாக இருக்கிறாய் என்றேன். என்ன திங்கிற, எனக்கும் சொல்லு என்றேன். அவள் சிரித்தது காதில் கேட்டது. அங்கேயே மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். பதினாறாம் நாளில் அழாததெல்லாம் சேர்ந்து வந்தது.

மகள் அழவில்லை. "அக்கா, தையல் பிரிக்கிறது இருக்கா?" என்று கேட்டாள்.

"குடு பாப்பா, நான் பிரிச்சுத் தாரேன்."

"இல்ல, நானே பிரிக்கிறேன்."

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் ஜாக்கெட்டை வைத்து, கறுப்பு நூலை ஒவ்வொரு கண்ணியாக அறுத்து இழுத்தாள். கார்த்திகை முதலில் பிரிந்தது. ஒரு விரல் அகலத்துக்குத் துணி விரிந்தது. எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"அந்தக் கல்யாணத்துல நாந்தான் அவகிட்டச் சொன்னேன் பாப்பா. சினிமாக்காரி மாதிரி இருக்கன்னு."

அவள் நிமிரவில்லை. புரட்டாசித் தையலில் இருந்தாள். "நானும்தான் பெரியம்மா. எனக்கும் டிப்ஸ் குடும்மா, ஹாஸ்டல்ல குண்டாயிட்டேன்னு சொன்னேன். காலைல வெந்நீர் குடின்னு சொல்லுச்சு."

ஆடித் தையலும் பிரிந்தது. நீல நூல் வந்ததும் கையை நிறுத்தினாள். கடைக்காரப் பெண் ஜாக்கெட்டை வாங்கி, தண்ணீர் தெளித்து அழுத்தி இஸ்திரி போட்டாள். மடிப்பு போய்விட்டது. ஊசி போன துளைகள் மட்டும் வரிசையாக நின்றன. எத்தனை தடவை தேய்த்தாலும் அது போகாது என்றாள். வெளியே வெயிலில் வெளுத்த நீலத்துக்கும், உள்ளே மடிந்து கிடந்த புது நீலத்துக்கும் நிறம் ஒட்டவில்லை. ஆனால் ஜாக்கெட் பெரிதாகியிருந்தது. மார்பும் விலாவும் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்த ஒருத்தியின் அளவுக்கு வந்திருந்தது.

மகள் அதைத் தோளைப் பிடித்து விரித்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து என்னிடம் வந்தாள்.

"திரும்புங்க பெரியம்மா."

திரும்பினேன். அவள் ஜாக்கெட்டை என் முதுகில் வைத்து, இரண்டு தோளிலும் பதிய நீவிவிட்டு, பின்னால் நாலு அடி நகர்ந்து போகும் சத்தம் கேட்டது. மெஷின்கள் நின்றிருந்தன.

"கொஞ்ச நேரம் அப்பிடியே நில்லுங்க" என்றாள்.

எனக்கு எதிரே சுவர்தான் இருந்தது. ஜாக்கெட் நழுவாமல் இருக்கத் தோளை நிமிர்த்திக்கொண்டேன். அவள் போதும் என்று சொல்கிறவரைக்கும் நான் முகத்தைத் திருப்பவில்லை.